கட்டிப் போட்ட சுவிட்ச்

அக்கா வீட்டுக்குள் கால் வைத்ததும் டெஸ்டரின் கண்ணில் பட்டது தண்ணீர்தான். ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து கிளம்பி, சமையலறை வாசலைத் தாண்டி, அத்தான் படுத்திருந்த கட்டிலின் கால்வரை வந்து தேங்கியிருந்தது. கட்டில் காலி. அத்தான் போய் நாலு நாள் ஆகிறது. அன்றைக்குப் பூட்டிய வீட்டை இன்றுதான் திறந்திருக்கிறார்கள்.

அவனுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சட்டைப் பையில் கரண்டு பார்க்கும் டெஸ்டர் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை என்பதால் வேலையிடத்தில் வைத்த பட்டப்பெயர் அக்கா வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. "வாடா டெஸ்டர், என்னையும் ஒரு தடவை தொட்டுப் பாரு. கரண்டு மிச்சம் இருக்கா இல்லையா?" என்பார் அத்தான், மூக்கில் குழாயோடு. சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். சிரித்தால் மூச்சு வாங்கும்.

இப்போது அந்தக் குழாய் ஆக்சிஜன் மிஷினின் மேல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மிஷினை வாடகைக்குக் கொடுத்தவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். அத்தானின் தம்பி அவரை உள்ளே விடவில்லை.

"மச்சான், நீ கரண்டு வேலை தெரிஞ்சவன். அதைத் திறந்து எது கெட்டுப் போச்சுன்னு உன் வாயால சொல்லு. அப்புறம் இந்த ஆளை நான் போலீஸ்ல நிறுத்துறேன்."

"திறந்து பாருங்க சார், நல்லாப் பாருங்க," என்றார் மிஷின்காரர். "அன்னைக்கு போன்லயே கேட்டேன், சுவிட்ச் விழுந்திருக்கான்னு பாருங்கம்மான்னு."

"பாத்தேன்," என்றாள் அக்கா. அழுது அழுது அவள் குரல் கரகரத்துப் போயிருந்தது. "மேலதான் இருந்துச்சு. ஃபேன் சுத்துது, லைட் எரியுது. உங்க மிஷின்ல மட்டும்தான் பச்சை வெளிச்சம் இல்ல. நாப்பது நிமிஷம் கழிச்சு வந்தீங்க. யாருக்கு வந்தீங்க?"



டெஸ்டர் மிஷினின் பிளக்கை உருவி, அந்த ஓட்டையில் டெஸ்டரை வைத்தான். வெளிச்சம் வரவில்லை. பக்கத்து பிளக்கிலும் வரவில்லை. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தான். கெட்டுப்போன பாலின் நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே விளக்கு எரியவில்லை. தலைக்கு மேலே ஃபேன் மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் ஒரு பக்கம், பிளக்குகளுக்கு இன்னொரு பக்கம் என்று லைன் பிரிந்திருந்தது. பிளக் பக்கத்துக்குத் தனியாக ஒரு டிரிப் சுவிட்ச், கரண்டு கசிந்தால் தானாகக் கீழே விழுந்து லைனை நிறுத்துவது. இரண்டு மாதமாக உயிரை எடுத்தது அதுதான். எங்கேயோ கரண்டு கசிகிறது, அதனால் விழுகிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை. விழுந்ததும் மிஷின் கத்தும், அக்கா அடுப்பை விட்டு ஓடிப்போய் மேலே தள்ளுவாள், அத்தானுக்கு மூச்சு திரும்பும். டெஸ்டர் மூன்று தடவை வந்து மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் மீட்டர் வைத்துப் பார்த்தான். ஒன்றிலும் குறை இல்லை. "எப்ப எப்ப விழுதுன்னு எழுதி வை அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவளும் காலண்டரில் எழுதி வந்தாள். அதை அவன் ஒருநாளும் எடுத்துப் பார்க்கவில்லை.

நடையில் இருந்த பெட்டியைத் திறந்தான். சுவிட்ச் மேலேதான் நின்றது. அது நிற்காமல் என்ன செய்யும்? ஒரு ஷூ லேஸால் அதன் கழுத்தைச் சுற்றி இழுத்து, பெட்டியின் மேல் ஆணியில் மூன்று முடிச்சுப் போட்டிருந்தது.

"அதை அவுக்காதடா," என்றாள் அக்கா பின்னாலிருந்து. "நீ சொன்ன அன்னைக்கு சாயங்காலமே கட்டிட்டேன். அத்தான் ஷூவுலேர்ந்துதான் உருவினேன், இனி அவரு எங்க நடக்கப் போறாருன்னு. கட்டினதுக்கு அப்புறம் ஒரு தடவைகூட விழல, தெரியுமா?"

நீ சொன்ன அன்னைக்கு.

அன்றைக்கு, அத்தான் போனதற்கு முந்தின நாள், டெஸ்டர் மூன்றாவது மாடி சாரத்தில் நின்றுகொண்டிருந்தான். கீழே மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தார். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். "தம்பி, இன்னைக்கும் ரெண்டு தடவை விழுந்துடுச்சுடா, பயமா இருக்கு" என்றாள் அக்கா. அவன் எரிச்சலில் சொன்னான்: "அது என்ன ஆடா மாடா, ஓடிப் போறதுக்கு? விழுந்தா கட்டிப் போடு, போ. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

கிண்டல்தான். வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். ஆனால் கரண்டு விஷயத்தில் தம்பி சொன்னால் அக்காவுக்கு அது வேதவாக்கு. கட்டிவிட்டாள்.

சுவிட்சை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே விழவேண்டியது விழுந்தே தீரும். வெளியே தலை நிமிர்ந்து நிற்கும், உள்ளே தொடர்பு அறுந்திருக்கும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே எவனும் கற்றுக்கொள்வது அது. அதை அக்காவிடம் அவன் சொல்லவில்லை.

பெட்டியை மூடினான். மிஷினுக்குப் பின்னால் போய்க் குந்தினான். நாலு திருகாணியைக் கழற்றினான். உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது, புது மாதிரி. மோட்டாருக்குப் போகும் கறுப்பு வயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கட்டிங் பிளேயரும் கையில் இருந்தது. ஒரு வெட்டு போதும். 'வயர் போயிருக்கு' என்று சொன்னால் கேள்வி கேட்க யாருமில்லை. அக்கா காலம் பூராவும் மிஷினைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பாள். அவனும்தான்.

"சார், கொஞ்சம் பதமா," என்றார் மிஷின்காரர் படியிலிருந்தே. "அது நல்லா இருந்தா கொடுத்துடுங்க. இன்னொரு வீட்டுல ஒரு அம்மா மூணு நாளா சிலிண்டர்ல இருக்காங்க. என்கிட்ட வேற மிஷின் இல்ல."

"பேச்சைப் பாரு, இங்க ஒரு உசுரு போயிருக்கு, இவருக்கு அடுத்த வாடகை!" என்றான் அத்தானின் தம்பி.

டெஸ்டர் பிளேயரைக் கீழே வைத்தான். நாலு திருகாணியையும் திரும்ப முறுக்கினான். பிளக்கைச் சொருகினான். எழுந்து பெட்டியிடம் போய், எல்லோரும் பார்க்க, முடிச்சை அவிழ்த்தான். மூன்றாவது முடிச்சு அவிழ்ந்ததும் சுவிட்ச் செத்த கோழியின் கழுத்து மாதிரி மடங்கியது. அவன் அதை முழுக்கக் கீழே அழுத்தி மேலே தள்ளினான்.

ஃபிரிட்ஜ் உறுமியது. மிஷின் ஒரு தடவை கூவிவிட்டு ஓட ஆரம்பித்தது. பச்சை வெளிச்சம் வந்தது. குழாயின் நுனியிலிருந்து காற்று காலிக் கட்டிலின் மேல் சீறியது.



"மிஷின்ல குத்தம் இல்ல," என்றான் டெஸ்டர். "அன்னைக்கும் இது விழுந்துதான் இருக்கு. கட்டியிருந்ததால வெளிய தெரியல. நான்தான் கட்டச் சொன்னேன். விளையாட்டாச் சொன்னேன். அக்கா மேல தப்பு இல்ல."

அத்தானின் தம்பி அண்ணியைப் பார்த்தான், டெஸ்டரைப் பார்த்தான். பிறகு போய் மிஷினை நிறுத்தி, வயரைச் சுற்றி, தானே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். மிஷின்காரர் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். மன்னிப்பு கேட்கவோ கொடுக்கவோ அங்கே யாருக்கும் தெம்பில்லை.

டெஸ்டர் காலண்டரின் முன்னால் நின்றான். குண்டு குண்டான எழுத்து. விழுந்த நேரம், அந்த நேரத்தில் ஓடியது என்ன என்று வரிசையாக எழுதியிருந்தாள். தள்ளியதிலிருந்து எண்ணினால் ஒவ்வொரு தடவையும் ஒன்பது மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாகச் சூடாகி ஐஸைக் கரைப்பது அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அந்தச் சூட்டுக் கம்பியில்தான் கசிவு. அவன் மீட்டர் வைத்த நேரமெல்லாம் கம்பி ஆறிக் கிடந்திருக்கிறது. போய் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான். உறுமல் நின்றது.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஷூ லேஸ்.

"கையைக் காட்டினாருடா," என்றாள். "மூச்சு முட்டுறப்போ கையை நீட்டி நீட்டி அந்த நடைப் பக்கம் காட்டினாரு. தண்ணி கேக்குறாருன்னு நினைச்சு சமையக்கட்டுக்கு ஓடினேன். திரும்பவும் காட்டினாரு. சுவிட்ச் மேலதாங்க இருக்கு, நான் பாத்துட்டேன்னேன். தலையை ஆட்டினாரு, இல்ல இல்லன்னு."

"அக்கா…"

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

அவன் தரையில், ஈரத்திலேயே உட்கார்ந்தான். லேஸின் நுனி பிரிந்திருந்தது. அவள் அதை எச்சில் தொட்டுத் திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவுத்துட்டு மேல தள்ள எவ்ளோ நேரம்டா ஆகும்?"

அவன் தரை ஈரத்தை உள்ளங்கையால் வழித்தான். அவள் விடவில்லை.

"இப்ப நீ தள்ளினியே. எவ்ளோ நேரம் ஆச்சு?"

"முடிச்சோட சேத்து," என்றான், "அரை நிமிஷம்."