ஒரே வரி, இரண்டு குரல்

கணவன் சுஹைல் சவூதியில், தம்மாமில் வேலையில் இருந்தான். மேலப்பாளையம் வீட்டில் ஃபர்ஹத் மட்டும்தான். சில நாட்களில் அவள் வாய் திறந்து பேசுவதே மைக்கிடம்தான். பதிவு செய்யும்போது ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிடுவாள். தெருவில் ஆட்டோ போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள் போனில் ஆடும் விளையாட்டு ஒன்றைச் சென்னைக் கம்பெனிக்காக உருவாக்கிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு விளம்பரம் வரும். அம்மா சட்டையைத் துவைப்பாள். அப்பா அதை மோந்து பார்த்துச் சிரிப்பார். ஒரு பட்டனை அமுக்கினால் அம்மாவும் அப்பாவும் இடம் மாறிவிடுவார்கள். மாறியதும் ஏன் சிரிப்பு வருகிறது என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். அவர்களை வழிநடத்தும் குரல் ஃபர்ஹத்தினுடையது.

வேலை முடிந்ததும் மேலாளர் குமரகுருபரன் வீடியோ காலில் வந்தார்.

"பிரமாதம் ஃபர்ஹத். குரலை மட்டும் மாத்திடலாம். ஆம்பளக் குரல்னா பசங்க நம்பிக் கேப்பாங்க."

"சார், இந்த விளையாட்டே அதப் பத்தித்தானே?"

திரையில் இருந்த மற்றவர்களில் ஒருவர் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "தனியா பேசுவோம்" என்று குமரகுருபரன் முடித்துக்கொண்டார். பேசவில்லை. மறுநாள் ஆண்குரல் வந்து சேர்ந்தது.

"மச்சான், என் குரல எடுத்துட்டாவ" என்றாள் சுஹைலிடம் போனில்.

"வேல இருக்குல்லா?"

"இருக்கு."

"அப்பம் விடு புள்ள. குரல்ல என்ன கெடக்கு?"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஷிஃப்ட் முடிந்த அசதி. அவளும் சரி என்று வைத்துவிட்டாள். ஆனால் வெகுநேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை.

பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, கடைசியில் ஒரு சுற்றை யாரையும் கேட்காமல் சேர்த்தாள். ஒரே வரியை இரண்டு குரல்களும் சொல்லும். யாரை நம்புவாய், ஏன்?

ஏரலில் ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் விளையாட்டைச் சோதித்தார்கள். ஃபர்ஹத்தும் போயிருந்தாள். அந்தக் கடைசிச் சுற்றில் பிள்ளைகள் பெரும்பாலோர் ஆண்குரலைத்தான் தொட்டார்கள்.

"அந்த அண்ணன் படிச்சவரு மாதிரி பேசுதாரு மிஸ்" என்றான் மணிராஜ்.

"அந்த அக்கா எங்கம்மா ஏசுத மாதிரி இருக்கு" என்றாள் ரீபா. எல்லாரும் சிரித்தார்கள். ரீபா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, இரண்டையும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"மிஸ், ரெண்டு பேரும் ஒண்ணத்தான சொல்லுதாவ? யாரும் ஏசவே இல்லையே. பெறவு ஏன் எனக்கு அப்படிப் பட்டுச்சு?"

மணிராஜ் மறுத்துப் பேசினான். மணி அடித்தும் சண்டை ஓயவில்லை. வாசல் வரை போன ரீபா திரும்பி, "அந்த அக்கா யாரு மிஸ்?" என்றாள்.

"நாந்தான்."

ரீபா அவளையே பார்த்தாள். "நேர்ல நீங்க பேசுதது நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நடந்ததை எழுதி அனுப்பியதற்குக் குமரகுருபரனிடமிருந்து உடனே பதில் வந்தது: 'அந்தச் சுற்று இருக்கட்டும். மற்றதெல்லாம் ஆண்குரல்தான்.'

நெல்லை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சுஹைல் போனை எடுக்கவில்லை. ரீபா கேட்டதையும் மணிராஜ் மல்லுக்கு நின்றதையும் வாய்ஸ் மெசேஜில் ஒன்றுவிடாமல் சொல்லி அனுப்பினாள். ஸ்ரீவைகுண்டம் தாண்டியும் அவன் அதைக் கேட்டிருக்கவில்லை. வாழைத்தோட்டங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. போனைக் காதில் வைத்து, தான் பேசியதைத் தானே ஒருமுறை கேட்டாள்.