பதினோரு விநாடிக் கோப்பு

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் பஸ் ஏறிப் போன பிறகுதான் சின்னாத்தாள் மகளிடம் அதைக் கேட்டாள்.

“ஏங் கண்ணு, உங்கய்யன் சாகறதுக்கு மொதநாளு மாட்டு டாக்டரு நெம்பருக்குப் பேசுனாரே, அது உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமுல்ல? ஒருக்கா எடுத்துப் போடறியா?”

சண்முகப்பிரியாவுக்குப் போன உயிர் வந்தது. அப்பா பொங்கியண்ணனின் குரல் வேறெங்கும் இல்லை. பட்டன் போனை விட்டு அவர் கடைசிவரை மாறவில்லை. மகளின் கல்யாண வீடியோவில் நிற்கிறார், சிரிக்கிறார், வாயசைக்கிறார். வீடியோ எடுத்த புண்ணியவான் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டைப் போட்டு அத்தனையையும் மூடிவிட்டான்.

ஆனால் அந்த மாட்டு டாக்டர் நம்பர் அவளே செய்த வேலை. கொடுமுடிப் பக்கத்துப் பால் சங்கம் ஒன்று கேட்டு, சரவணம்பட்டியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி செய்து கொடுத்தது. கூப்பிட்டு மாட்டுக்கு என்ன என்று சொன்னால் இரண்டு நிமிடம் பதிவாகும்; டாக்டர் பிறகு திருப்பிக் கூப்பிடுவார்.

“இருக்கும்மா. இப்பவே எடுக்கறேன்.”

“செவலைக்கு மடி வீங்கினதச் சொல்லிப்போட்டு, ‘இந்த மிசினு எம் புள்ள செஞ்சதுங்க’ன்னு அதுகிட்டயே பெருமை பேசுனாரு. நாங்கூடச் சிரிச்சேன்.”

முகத்துக்கு நேரே ஒரு நாளும் பாராட்டாத மனிதர், மிஷினிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவள் லேப்டாப்பைத் திறந்தாள்.

அப்பாவின் எண், அந்தத் தேதி. கோப்பு இருந்தது. ஒன்றே ஒன்று. நீளம் பதினோரு விநாடி.

அலமாரியில் கிடந்த பட்டன் போனை எடுத்துப் பார்த்தாள். அன்றைக்கு அதே எண்ணுக்கு இரண்டு அழைப்புகள், நாலு நிமிட இடைவெளியில். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

மாட்டு டாக்டர் நம்பருக்குப் பின்னால் இருப்பது ஜாவா என்ற கணினி மொழியில் ஓடுகிற, செய்தி வழிநடத்தும் கட்டமைப்பு; பதிவாகிற ஒவ்வொரு பேச்சும் அதற்கு ஒரு செய்தி. வருகிற ஒவ்வொரு செய்தியையும் வாங்கி, அதன் தலைப்பில் நாம் என்ன பெயரை ஏற்றுகிறோமோ அந்தப் பெயரில் கோப்பாகச் சேமித்துவிடும். அந்தப் பெயர் ஒவ்வொரு செய்திக்கும் அந்த நேரத்திலேயே உருவாக வேண்டும். கூப்பிட்டவரின் எண், ஒரு கோடு, அன்றைய தேதி என்று ஒரே வரியில் எழுதி முடித்தவள் சண்முகப்பிரியாதான். “மணி, நிமிசத்தையும் சேர்த்துடலாம்ங்க்கா” என்றான் கூட வேலை பார்க்கும் யஷ்வந்த். பெயர் பார்த்ததும் புரிகிற மாதிரி சின்னதாக இருக்கட்டும் என்று சங்கத்தில் கேட்டிருந்தார்கள். “ஒருத்தர் ஒரு நாளைக்கு எத்தனை தடவைப்பா கூப்பிடுவாங்க?” என்று சிரித்தே அவன் வாயை அடைத்துவிட்டாள்.

அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் என்ன செய்வது என்று கட்டமைப்புக்கு அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அது பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். நகல் எடுப்பது நாளுக்கு ஒரு முறைதான். அதற்கு முன்னால் அழிந்தது அழிந்ததுதான். டாக்டர்கள் எண்ணைப் பார்த்து எப்படியும் திருப்பிக் கூப்பிட்டதால் இதுவரை யாரும் குறை சொன்னதும் இல்லை.

பெரிய படிப்புப் படித்தவள் சொந்த ஊரை மறந்துபோனாள். பேச்சு பாதியில் அறுந்தால், மறுபடி கூப்பிட்டு ‘வெச்சுடறேனுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இந்தப் பக்கத்தில் யாருக்கு மனசு ஆறும்? இரண்டு நிமிடத்தில் லைனை அறுத்துவிடச் சொல்லி வைத்ததும் அவள்தான்.

வேறு வழியில்லாமல் ஓட விட்டாள்.

“அலோ... லைன் கட்டாயிருச்சுங்க. சொல்லாமக் கொள்ளாம வெக்கறது மரியாதி இல்லீங்க. அவ்வளவுதானுங்க. வெச்சுடறேனுங்க.”

“செரிங்க” என்றாள் சின்னாத்தாள், தன்னை மறந்து. பிறகு மகளைப் பார்த்தாள். “முன்னால பேசுனது?”

“அது இல்லம்மா. இது வந்து அதை அழிச்சுப்போடுச்சு. நாந்தாம்மா தப்பாப் பேரு வெச்சுப்போட்டேன். ரண்டுக்கும் ஒரே பேரு.”

சின்னாத்தாள் நகர்ந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்ப அவரு மறுக்காக் கூப்புடாம இருந்திருந்தா, அது இருந்திருக்குமா?”

“இருந்திருக்கும்.”

“அதெப்புடிக் கண்ணு கூப்புடாம இருப்பாரு?”

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அம்மா குரலில் கோபமே இல்லை. சண்முகப்பிரியா விசைப்பலகையின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இனி வருகிற எல்லாப் பெயரிலும் மணியையும் நிமிடத்தையும் விநாடியையும் சேர்த்துவிடலாம். ஒரு வரி வேலை. யார் யாருடைய அப்பாவோ பத்திரமாக இருப்பார்.

“என்னை மன்னிச்சிரும்மா. நீ ஆசையாக் கேட்டே.”

சின்னாத்தாள் முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள்.

“நான் அன்னிக்கே பக்கத்துல இருந்து கேட்டுட்டேன் அம்மணி. நீயொருக்கா உங்காதுல கேக்கோணும்னுதான் எடுக்கச் சொன்னேன்.”