இந்த வரிகளைத் தொடாதே

கண் மருத்துவமனையின் ஸ்கேன் அறையில் என் அக்காதான் டெக்னீஷியன். விழித்திரையைப் படம் எடுக்கும் இயந்திரம் அவள் பொறுப்பு. அது எடுப்பதைப் படமாக்கித் திரையில் காட்டும் புரோகிராம் என் பொறுப்பு. எங்கள் கம்பெனியின் புரோகிராமை வாங்கலாம் என்று தலைமை டாக்டரிடம் சிபாரிசு செய்ததே அக்காதான். "என் தம்பி எழுதுனது, நான் பொறுப்பு" என்று சொல்லியிருக்கிறாள். யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

படம் திரைக்கு வர நாற்பத்தொரு விநாடி ஆனது. அது சரியாக விழுந்திருக்கிறதா என்று தெரியும்வரை நோயாளி தாடையைத் தாங்கியில் வைத்து அசையாமல் இருக்க வேண்டும். பெரியவர்களே நெளிவார்கள். குழந்தைகள் என்றால் அக்கா ஒரு கையால் தாடையையும் மறு கையால் பின்மண்டையையும் பிடித்தபடி குனிந்தே நிற்பாள். நாளுக்கு அறுபது பேராவது வருவார்கள். வலது மணிக்கட்டில் எப்போதும் பட்டை கட்டியிருப்பாள். கேட்டால், "வேலைன்னா வலிக்கத்தான் செய்யும், உனக்கென்ன" என்பாள்.

கடைசியில் டாக்டர் கெடு வைத்துவிட்டார். வியாழக்கிழமை அவர் முன்னால் பத்து விநாடிக்குள் படம் வர வேண்டும், வராவிட்டால் எங்கள் புரோகிராமைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டிக்கொள்வார்கள்.

"எல்லார் முன்னாடியும் என் மூஞ்சியில கரியப் பூசிடாதடா," என்றாள் அக்கா போனில்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது எனக்குச் சீக்கிரம் வரும். அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் என்னைப் பட்டாசு என்று கூப்பிடுவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோபம் அக்கா மேல் இல்லை, ஸ்கேன் அறையில் இருந்த கம்ப்யூட்டர் மேல். மூன்று கிகாஹெர்ட்ஸ் பிராசஸரை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்ய முடியும்? மேனேஜரை நச்சரித்து, ஐந்து கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு கம்ப்யூட்டரை வரவழைத்தேன். விநாடிக்கு முந்நூறு கோடித் துடிப்பு இருந்த இடத்தில் இனி ஐந்நூறு கோடி. நாற்பத்தொன்று இருபத்தைந்துக்கு இறங்கிவிடும், மிச்சத்தை எங்கேயாவது பிடித்துப் பிழிந்துகொள்ளலாம் என்று மனக்கோட்டை கட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்பது விநாடி.

அணைத்துப் போட்டு மறுபடி ஓட்டினேன். முப்பத்தொன்பதுதான். கூலிங் போதாமல் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதோ என்று வெப்பத்தைப் பார்த்தேன். அது ஜில்லென்று இருந்தது. "ஏமாத்திட்டான், டப்பா மிஷின அனுப்பியிருக்கான்," என்று அறை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

பக்கத்து மேசையிலிருந்து எங்கள் குழுவின் ஜூனியர், நாங்கள் எறும்பு என்று கூப்பிடும் பெண், எழுந்து வந்தாள். பேச்சே இல்லாமல் ஏதாவது ஒன்றை அரித்துக்கொண்டே இருப்பாள் என்பதால் அந்தப் பெயர். "சார், ஒரு தடவ அளந்து பாத்துடலாமா?" என்றாள்.

"அளக்க என்ன இருக்கு? அதான் ஓட்டிப் பாத்தாச்சே."

"எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்தாச்சு சார். அந்த நேரத்துல உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கல."

பிராசஸருக்குள்ளேயே சில எண்ணிகள் உண்டு. எந்தத் துடிப்பில் வேலை நடந்தது, எதில் சும்மா இருந்தது என்று அவை குறித்துவைத்துக்கொள்ளும். அவற்றைத் திரையில் கொண்டுவந்தாள். "நூறு துடிப்புல பதினொண்ணுலதான் வேலை நடக்குது. மிச்சம் எம்பத்தொம்பதும் மெமரியிலருந்து டேட்டா வரட்டும்னு காத்துக்கிட்டிருக்கு."

"அஞ்சு கிகாஹெர்ட்ஸுமா?"

"ஆமா சார். முன்னவிட வேகமா சும்மா இருக்கு."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். "எந்த இடத்துல காத்துக்கிட்டிருக்கு?" என்றேன். அவள் தயங்கினாள். பிறகு விசையைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

புரோகிராமின் நடுவில் எட்டு வரி. அதற்கு மேலே ஒரு குறிப்பு: 'இந்த வரிகளைத் தொடாதே.' கீழே என் பெயரின் முதலெழுத்து. ஆறு வருடத்துக்கு முன் யாரோ அங்கே கைவைத்துப் படம் தலைகீழாக வந்தபோது, அந்த எரிச்சலில் எழுதியது. எங்கள் குழுவில் அப்படி ஒரு குறிப்பு இருந்தால் அதன் கீழே யாரும் கைவைக்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவனும் நான்தான்.

படத்தின் புள்ளிகள் மெமரியில் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. பிராசஸர் ஒரு புள்ளியைக் கேட்டால் அதன் பக்கத்தில் இருக்கும் பதினைந்தும் சேர்ந்து வந்து அருகிலுள்ள சின்ன இடத்தில், அதுதான் கேஷ், உட்கார்ந்துகொள்ளும். நான் எழுதிய வரிகள் படத்தைக் குறுக்காகப் படிக்காமல் மேலிருந்து கீழாகப் படித்தன. ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு, அடுத்ததற்கு ஒரு முழு வரிசையையே தாண்டிப் போயின. சமையல் செய்பவர் ஒரு கூடை வெங்காயத்தைத் தூக்கி வந்து ஒன்றை மட்டும் உரித்துவிட்டு, கூடையைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அடுத்த வெங்காயத்துக்கு வேறொரு கூடையைத் தூக்கப் போன கதைதான். அவர் கை எவ்வளவு வேகமாக உரித்தால் என்ன?

"இது எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?" என்றேன்.

"போன மார்ச்சுல சார். மாத்தி உங்களுக்கு அனுப்பியிருந்தேன்."

தேடிப் பார்த்தேன். இருந்தது. அனுப்பிய நான்காவது நிமிடமே நிராகரித்திருந்தேன். பக்கத்தில் என் பதில்: 'மேலே எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதா? வேகம் வேண்டுமென்றால் நல்ல பிராசஸர் வாங்கட்டும்.' என் எழுத்தை அவளோடு சேர்ந்து நான் படிக்க வேண்டியிருந்தது.

அவள் மாற்றியது மொத்தம் இரண்டே வரி. எதை முதலில் எண்ணுவது, எதை அப்புறம் எண்ணுவது என்ற முறையை மட்டும் இடம் மாற்றி, படத்தைக் குறுக்காகப் படிக்க வைத்திருந்தாள். புதுக் கம்ப்யூட்டரில் ஐந்து விநாடி வந்தது. ஸ்கேன் அறையில் இருப்பதைப் போன்ற பழையதிலும் போட்டுப் பார்த்தோம். ஏழு. புதியதை அட்டைப்பெட்டியில் திருப்பி வைத்தேன்.

வியாழக்கிழமை மருத்துவமனைக்கு எறும்பையும் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி நாற்காலியில் இருந்தாள். அக்கா வழக்கம்போல் குனிந்து அவள் தலையைப் பிடித்தாள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாவது விநாடியில் படம் வந்து நின்றது. "அவ்ளோதானா?" என்றது குழந்தை.

"புது பிராசஸர் போட்டுட்டீங்க போல," என்றார் டாக்டர். "நல்லாருக்கு. இதையே வச்சுக்கலாம்."

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் இத்தனை பெருமையாக என்னைப் பார்த்து எத்தனையோ வருடமாயிற்று. தலையை ஆட்டியிருந்தால் போதும், முடிந்திருக்கும். எறும்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல டாக்டர், அதே பழைய கம்ப்யூட்டர்தான். தப்பு நான் எழுதுனதுல இருந்துச்சு. இவங்க போன மார்ச்சுலயே சரி பண்ணிக் குடுத்தாங்க. நான்தான் படிச்சுக்கூடப் பாக்காம திருப்பி அனுப்பிட்டேன்."

டாக்டர் எறும்பைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். குழந்தையை அதன் அம்மா கூட்டிப்போனாள். அக்கா நிமிர்ந்து, மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"மார்ச்சுலயேவா?"

"ஆமாக்கா."

"எனக்குக் கை வலி ஆரம்பிச்சது ஜூன்லடா," என்றாள். குரலில் கோபம் இல்லை. எறும்புக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா," என்றாள். பிறகு கதவைத் திறந்து அடுத்தவரைக் கூப்பிட்டாள்.