ரொட்டியில் கோதுமை இருந்ததா?

மாவு பிசைந்து பிழைக்கிறவன் வீட்டில் கோதுமைக்குத் தடை என்றால் ஊர் சிரிக்கும். பேக்கரியில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன், வேறென்ன செய்ய?

எல்லாம் மனைவியின் அக்கா அனுப்பிய வீடியோவால் வந்த வினை. ஆட்டிசம் உள்ள ஒரு பையன், கோதுமையையும் பாலையும் நிறுத்தியதும் மடமடவென்று பேச ஆரம்பித்தானாம். எங்கள் வாண்டுக்கும் ஆட்டிசம்தான், ஆறு வயது. இதுவரை ஒரு சொல் பேசியதில்லை. அவள் வாயால் ஒரே ஒரு "அப்பா" கேட்டுவிட மாட்டோமா என்று எனக்கு மட்டும் ஆசையில்லையா, நான் என்ன கல்லா?

டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டோம். சில பிள்ளைகளுக்குச் சில சாப்பாடு சேராது, வயிற்று வலியைச் சொல்லத் தெரியாமல் முரண்டு பிடிக்கும், அதை நிறுத்தினால் அமைதியாகலாம் என்றார். ஆனால் ஆட்டிசமே சாப்பாட்டால்தான் வருகிறது, நிறுத்தினால் போய்விடும் என்று சொல்ல ஆதாரம் போதாது, ஆராய்ச்சிகளும் ஒன்றுபோலச் சொல்வதில்லை என்றார். இவள் தின்பதே நாலு பொருள், பார்த்துச் செய்யுங்கள் என்றும் எச்சரித்தார். வெளியே வந்தால், மனைவிக்கு முதல் பாதிதான் காதில் ஏறியிருக்கிறது, எனக்கு இரண்டாம் பாதி. இத்தனைக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தோம்.

அந்த நாலு பொருளில் முதலாவது நான் சுடும் ரொட்டி. மனைவி கோதுமையையும் பாலையும் நிறுத்தியே விட்டாள். சரி, போகட்டும் என்று அரிசி மாவிலும் சோள மாவிலும் ஒன்று சுட்டுக்கொண்டு போனேன். செங்கல் தோற்றுவிடும். வாண்டு அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். மறுநாளும் அதே கதை. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? யாருக்கும் தெரியாமல் ஒரு கைப்பிடி கோதுமை மாவைக் கலந்தேன். ஒரு கை இரண்டு கையாகி, கடைசியில் அது அசல் கோதுமை ரொட்டியே ஆகிவிட்டது. அரிசி மாவை மேலே தூவியதோடு சரி. அதன்பிறகு நான் வேலை முடிந்து வரும்போது ரொட்டித் தட்டு காலியாக இருந்தது.

கொஞ்ச நாளில் வாண்டு கையைக் கடிப்பதை விட்டாள். நன்றாகத் தூங்கினாள். மனைவி அக்காவுக்குப் போன் போட்டு, கோதுமையை நிறுத்தியதன் பலன் என்று பூரித்துப் போனாள். நான் திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். கோதுமைதான் உள்ளே போய்க்கொண்டிருக்கிறதே, பிறகு எப்படி?

அன்று சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாண்டு ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமலே, "அப்பா" என்றாள்.

மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் மடையன், முதலில் கேட்டது இதைத்தான்:

"இன்னைக்கு இவளுக்கு என்ன குடுத்த?"

அவள் முகம் மாறியது. "திட்டாதீங்க. உங்க ரொட்டியை அவ தொடவே இல்ல. நீங்க மனசு ஒடஞ்சு போவீங்கன்னு தினமும் நான்தான் தின்னேன். அவளுக்கு உருளைக்கிழங்கும் வாழைப்பழமும்தான் குடுத்தேன். இன்னைக்கு மட்டும் எதிர்வீட்டுல பிஸ்கட் குடுத்திருக்காங்க. நான் பாக்குறதுக்குள்ள தின்னுட்டா."

"அந்த ரொட்டியில கோதுமைதான் இருந்துச்சு" என்றேன்.

"அதான் அரிசி ரொட்டி இவ்ளோ நல்லா இருக்கேன்னு பாத்தேன்" என்றவள், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்படியானால் பிள்ளை உண்மையிலேயே கோதுமை தின்னவில்லை, அதனால்தான் பேச்சு வந்தது என்று நான் ஆரம்பித்தேன். பிஸ்கட் தின்ற அன்றைக்குத்தானே பேசினாள், அதில் கோதுமை, பால் எல்லாம் இருக்கிறதே என்று அவள் மடக்கினாள். நிறுத்தச் சொன்னவள் நிறுத்தியதை நம்பவில்லை, நம்பாதவன் அதற்கு வக்காலத்து வாங்குகிறேன். வாண்டுக்குச் சொல்லித்தரும் பேச்சுப் பயிற்சி டீச்சரை இழுத்தோம், வயதை இழுத்தோம். யார் பக்கம் யார் பேசுகிறோம் என்றே தெரியவில்லை. குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

ஜன்னல் கம்பியைத் தட்டும் சத்தம் நின்றிருந்தது. வாண்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். ஆறு வருஷத்தில் முதல்முறையாகக் கூப்பிட்ட பிள்ளையிடம் என்ன வேண்டும் என்று நாங்கள் கேட்கவே இல்லை.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "என்னம்மா?" என்றேன்.

அவள் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.