சம்மந்தி வீட்டுக் காப்பி

அப்பாவின் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணி நழுவிக்கொண்டே இருந்தது. ஆம்புலன்ஸ் வேகத்தடையில் குலுங்கும்போதெல்லாம் ஹெப்சிபா அதை இழுத்து முடிச்சிட்டாள். கிருஷ்ணன்கோவில் பக்கமிருந்து வந்த பஸ்கள் ஹாரன் அடித்தபடி முந்திப் போயின.

"விடு தாயி," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த மாமனார் ஞானதுரை. இறந்தவரின் கால்கள் சரியாமல் பிடித்திருந்தார். "அவிய என்னிக்கு ஒரு கட்டுக்குள்ள நின்னாவ?"

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. அதுவும் பாதியில் களைத்து நின்றுவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் எத்தனை இரவு தூங்காமல் இருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் அப்பாவுக்கும் ஞானதுரைக்கும் அடுத்தடுத்த தறி. ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயிலில், பீடத்துக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டு, ஒரே கிண்ணத்தில் திராட்சரசம் குடித்தார்கள். ஆனால் அப்பா மேட்டுத் தெரு, ஞானதுரை ஓடைத் தெரு. ஓடைத் தெருவில் அப்பா ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. ஹெப்சிபா ஞானதுரையின் மகன் விமலைக் கட்டிக்கொண்ட அன்று அப்பா வீட்டு வாசல் கதவு அடைபட்டது. அதற்குப் பிறகு எட்டு வருஷம் அவளுக்கும் அது திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலும் அப்பா மாறவில்லை. மகள் வீட்டுக் கஞ்சியைத் திருப்பி அனுப்பிவிட்டு ஓட்டல் இட்லியைத் தின்றார். கக்கூஸுக்குப் போக மட்டும் ஞானதுரையின் தோள் வேண்டியிருந்தது. "அண்ணாச்சிக்கு என் தோளு ஆகும், கஞ்சி ஆகாது. கஞ்சிக்கு என்ன வியாதியோ," என்று ஞானதுரை வார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. தோளை விடவும் இல்லை.

மேட்டுத் தெருவில் வண்டி நின்றதும் ஆட்கள் ஓடி வந்து ஸ்ட்ரெச்சரை வாங்கிக்கொண்டார்கள். சித்தப்பா அருள்மணி ஞானதுரையையும் முன்சீட்டிலிருந்து இறங்கிய விமலையும் பார்த்து, "நீங்க பந்தல்ல உக்காருங்க. இனி நாங்க பாத்துக்கிடுதோம்," என்றார். இருவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். விமல் அவளைப் பார்த்து 'போ' என்பது போலத் தலையசைத்தான்.

அவள் மட்டும் உள்ளே போனாள். இன்றைக்கு இவர்கள் இந்த வாசலைத் தாண்டாவிட்டால் இனிமேல் தாண்டப்போவதில்லை என்று தோன்றியது. கல்யாணத்துக்கு நடக்காதது சாவுக்காவது நடக்க வேண்டும். சாவு போனால் பிறகு எதற்கு வருவார்கள்? ஆனால் சண்டை போட அவளிடம் தெம்பில்லை.

அம்மா ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தாள். அழவில்லை. சித்தி நீட்டிய தண்ணீர் டம்ளரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பினாள்.

"காலையிலருந்து பச்சத்தண்ணி எறங்கலட்டி," என்றாள் சித்தி. "நீயாவது சொல்லு."

ஹெப்சிபா சொல்லிப் பார்த்தாள். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஒரு ஆட்டோ வந்தது. மாமியார் கனகமணி எவர்சில்வர் டிரம்மோடு இறங்கினாள். பிணம் எடுக்கும்வரை சாவு வீட்டில் அடுப்பெரியாது. மகளைக் கொடுத்த இடத்திலிருந்துதான் காப்பி வரவேண்டும் என்பது அந்தப் பக்கத்து முறை.

சித்தப்பா எழுந்து குறுக்கே வந்தார். "இதெல்லாம் எதுக்கு? கோயிலுக்குக் கொண்டாந்திருக்கலாம்லா. அங்கன்னா எல்லாரும் ஒண்ணுதான்."

"கோயில்ல யாருக்கு அண்ணாச்சி தொண்டை காயுது?" என்றார் ஞானதுரை நாற்காலியிலிருந்தபடியே.

கனகமணி அவசரமாகச் சொன்னாள்: "சங்கடப்படாதிய. எங்க வீட்டுல போட்டது இல்ல. பஸ் ஸ்டாண்டு கடையில வாங்குனது."

சித்தப்பாவின் முகம் தளர்ந்தது. "கடைக் காப்பியா? அதச் சொல்ல வேண்டாமா! ஏலே, டிரம்ம உள்ள தூக்குங்கலே."

டிரம் உள்ளே போனது. கனகமணி வாசல் நடையிலேயே நின்றாள். ஆஸ்பத்திரியில் அந்த ஓட்டல் இட்லியை வாங்கிவந்தவளும் அவள்தான். எது செல்லும், எது செல்லாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஹெப்சிபா ஒரு டம்ளரில் பிடித்து அம்மாவிடம் நீட்டினாள். அம்மா கையில் வாங்கினாள். உதடு வரை கொண்டுபோய் நிறுத்தினாள்.

"உங்க அத்தை போட்டதா?"

"கடைக் காப்பிம்மா. வாங்கியாந்தாவ."

அம்மா டம்ளரைத் தரையில் வைத்தாள். "காலையிலருந்து நாக்கு ஒட்டிப்போய் உக்காந்திருக்கேன், சம்மந்தி வீட்டுக் காப்பி வரும்னு. கடையில வாங்குனாளாக்கும்."

அம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். கால் மரத்திருந்தது போல; ஒவ்வோர் அடியாக வைத்து நடைக்குப் போனாள்.

"மதினி," என்றாள்.

வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் கனகமணி பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களத்தான் மதினி. உள்ள வாங்க. பால் இருக்கு. எனக்கு ஒரு வாய் போட்டுக் குடுங்க."

சித்தப்பா பதறினார். "பொணம் கெடக்குது. அடுப்ப பத்த வைக்கலாமா? அண்ணனுக்குத்தான் இது ஆகுமா?"

"அவியளுக்கு ஆகாதுதான்," என்றாள் அம்மா. "அவிய குடிக்கப் போறதில்ல. நான் குடிக்கேன்."

கனகமணி ஞானதுரையைப் பார்த்தாள். அவர் குனிந்து தன் செருப்பு வாரை நோண்டிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றினாள். மிதியடியில் பாதங்களைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். பிறகு, உட்கார்ந்திருந்த பெண்கள் மேல் பட்டுவிடாமல் சேலையை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். வரிசையில் ஒருத்தி மட்டும் கால்களை மடக்கி வழிவிட்டாள்.

போதகர் வந்து ஜெபத்தை ஆரம்பித்தார். எல்லோரும் கண்களை மூடினார்கள். உள்ளே லைட்டர் நாலைந்து தடவை சொடுக்கிய பிறகு அடுப்பு பற்றியது.

"சீனி எங்க இருக்கு?" என்று மெல்லிய குரல் கேட்டது.

ஹெப்சிபா எழப்பார்த்தாள். எட்டு வருஷத்தில் சீனி டப்பா எங்கே மாறியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அம்மா கண்மூடி இருந்தாள். போதகரின் குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"மேல் தட்டுல," என்றாள் சித்தி, குனிந்த தலையை நிமிர்த்தாமல். "பச்ச மூடி."

மூடி இறுகியிருக்க வேண்டும். கரண்டிக் காம்பால் அதைத் தட்டும் சத்தம், தட்டுவதா நிறுத்துவதா என்ற தயக்கத்தோடு, ஜெபத்தின் நடுவே விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.