இடது கைக்குப் போட்ட மூன்று

படிவத்தில் இடது கைக்கு எதிரே மூன்று என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். பத்துக்கு மூன்று. எட்டு போட வேண்டிய இடம் அது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

சன்ஸ்கிரீன் தொழிற்சாலையில் தடவிப் பார்த்து மதிப்பெண் போடும் எட்டுப் பெண்களில் அவள் ஒருத்தி. பிசுபிசுக்கிறதா, தோலோடு இழைகிறதா என்று சொல்வதுதான் வேலை. யார் செய்த கிரீம் என்று சொல்ல மாட்டார்கள். குப்பியில் எண் மட்டும் இருக்கும்; ஒரு கையில் ஒன்று, மறு கையில் இன்னொன்று பூசுவார்கள். ஆனாலும் இடது கையில் பூசியதைத் தொட்டவுடனே கண்டுகொண்டாள். அங்கேயே ஆய்வகத்தில் இருக்கும் நாத்தனார், இரண்டு வருடமாகத் தானே செய்து, வீட்டுக் கண்ணாடி முன்னால் பூசிப் பூசிப் பார்த்த சரக்கு. மற்றதிலெல்லாம் வழவழப்புக்கும், தண்ணீர் பட்டால் போகாமல் இருப்பதற்கும் பிளாஸ்டிக்கைத்தான் கலக்கிறார்கள். சோப்புப் போட்டுக் கழுவினால் அது சாக்கடை வழியே கடலுக்குப் போய் அப்படியே கிடக்கும். இதில் அது துளியும் கிடையாது.

அன்று காலைதான் சாப்பாட்டு அறையில் நாலு பேர் முன்னால் நாத்தனார், "எங்க அண்ணிக்கு மூளைக்கு லீவு, விரலுக்குத்தான் சம்பளம்" என்றாள். கேலிதான். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் அது சுட்டது.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. தேவையான சராசரிக்குப் புதுக் கிரீம் அரை மதிப்பெண் குறைவு. பழைய கிரீமே போதும் என்று மேலிடம் கைகழுவிவிட்டது. நாத்தனார் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏழு பேர் நல்லாத்தான் போட்டிருக்காங்க அண்ணி. ஒருத்தர் மட்டும் மூணு."

காய்ந்த தட்டையே அவள் மறுபடி துடைத்தாள்.

"அவங்க மேல கோபம் இல்ல. நிஜமாவே ஒட்டியிருக்கும். எங்க ஒட்டுதுன்னு தெரிஞ்சா மாத்திட்டு, இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்பேன். உங்க விரலைத்தான் நம்புறேன், நீங்க சொல்லுங்க."

பையிலிருந்து குப்பியை எடுத்து, அண்ணியின் கையைப் பிடித்து மணிக்கட்டில் தடவினாள். ஒட்டுகிறது என்றால், சரியாக இருப்பதைப் போய்க் கெடுத்துக்கொள்வாள். ஒட்டவில்லை என்றால், அப்புறம் அந்த மூன்று யாருடையது என்று யோசிப்பாள். பாவி, ஒரு வாய் வார்த்தைக்காக இவளுடைய இரண்டு வருடத்தை அழித்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கிரீம் தோலோடு இழைந்து, இருந்த இடம் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. நாத்தனார் நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, பேனாவோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.