ஆர்ச்சிக்கு வந்த பொன்னுக்கு வீங்கி

லிங்கன் நகரத்து மதுக்கடைக்குள் நுழைந்து கால்மணி நேரம் ஆகியும் ஐவி மேல்கோட்டைக் கழற்றவில்லை. உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள். உடனே எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். திரும்பி வந்து வேறொரு நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே பெர்ட் தன் நிலக்கரி வண்டிக்குள் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல் இருந்தான். உள்ளே வா என்றதற்கு, "உன் புருஷனோட கூட்டாளிங்க நடுவுல எனக்கென்ன வேலை?" என்று சொல்லிவிட்டான். அதுவும் நியாயம்தான். போர் நடந்த வருஷங்களில் அவன் படைக்குப் போகாமல் சுரங்கத்தில் கரி வெட்டிக்கொண்டிருந்தவன். நாட்டிங்ஹாமில் அவர்கள் தெருவில் அதைக் குத்திக்காட்டாத வாய் ஒன்று பாக்கியில்லை.

பத்து வருஷமாக பெர்ட் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறான். மூன்று தடவை நாள் குறித்தார்கள். மூன்று தடவையும் அவள்தான் கலைத்தாள். இடையில் நாலு வேலை மாற்றினாள், இரண்டு வீடு மாற்றினாள், கட்டிலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றியதற்குக் கணக்கே கிடையாது. எங்கே போட்டாலும் தூக்கம் வரவில்லை. எல்லாம் ஒரே ஒரு கேள்வியால் வந்த வினை.

அவள் புருஷன் லெஸ்லி போரில் குண்டுவீச்சு விமானத்தின் வாலில் உட்கார்ந்து துப்பாக்கி பிடித்தவன். முப்பது தடவை பறந்துவிட்டுத் திரும்பினால் விட்டுவிடுவார்கள் என்பது அந்த நாளில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை தெருமுனை மளிகைக் கடைக்கு அவனிடமிருந்து போன் வந்தது. "முப்பதும் முடிஞ்சுது ஐவி. உசுரோட இருக்கேன். நாளைக்குச் சாயங்கால ரயில்ல வரேன். குண்டிக்காய் பொரிச்சு வை" என்றான். அவளும் ஊரெல்லாம் கெஞ்சி ஆட்டுக் குண்டிக்காய் வாங்கிப் பொரித்து மூடி வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனாள். ரயில் வந்தது. அவன் வரவில்லை. திங்கட்கிழமை தந்திதான் வந்தது. சனிக்கிழமை இரவு ஜெர்மனிக்கு மேலே பறந்தபோது இறந்துவிட்டானாம்.

முப்பதும் முடித்தவன் எதற்கு மறுபடியும் போனான்? போகச் சொன்னார்களா, அவனாகப் போனானா? போகச் சொல்லியிருந்தால் அவன் அவளுடைய லெஸ்லி. அழுது தீர்த்துவிட்டு வேறு வாழ்க்கையைப் பார்க்கலாம். அவனாகப் போயிருந்தால்? அந்த இடத்தில் நின்றுவிடுவாள். அவனோடு பறந்தவர்கள் பன்னிரண்டு வருஷமாகக் கடிதம் போட்டுக் கூப்பிட்டும் வராதவள், இந்த வருஷம் அவர்கள் கூடும் இடத்துக்கு வந்து நிற்பது அதைக் கேட்கத்தான்.

அந்த விமானத்தில் பறந்த ஏழு பேரில் வந்திருந்தவர்கள் மூன்று பேர். விமானத்தை ஓட்டிய பேசில் இப்போது டெர்பியில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். இன்னமும் மற்றவர்களுக்கு அவர் கேப்டன்தான். வரைபடம் பார்த்து வழி சொன்ன டக்ளஸ் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறான். எஞ்சின்களைக் கவனித்துக்கொண்ட ஆர்ச்சிக்கு பஸ் டிப்போவில் வேலை, நல்ல தொப்பை, நாலு பிள்ளைகள்.

"இருட்டுல பெர்லினுக்கு வழி காட்டினவன்மா இவன்" என்றார் கேப்டன். "இன்னைக்கு லிங்கனுக்கு வர ரயிலை மாத்தி ஏறியிருக்கான்."

"அப்ப நான் சொன்ன பக்கம் நீங்க ஓட்டுனீங்க கேப்டன். ரயில்காரன் ஓட்ட மாட்டேங்கிறான்" என்றான் டக்ளஸ்.

சிரித்தார்கள். ஆர்ச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவள் வந்ததிலிருந்து அவன் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஐவிக்குப் பொறுக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுப் போயிடுறேன்" என்றாள். "லெஸ்லி முப்பதும் முடிச்சுட்டான். அப்புறம் ஏன் போனான்?"

கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேலேருந்து உத்தரவுமா. ஆள் பத்தலை. இன்னும் ஒரு தடவை போங்கன்னுட்டாங்க. நாங்க என்ன பண்ண முடியும்?"

டக்ளஸ் தலையாட்டினான்.

உத்தரவு. அப்பாடா என்று இருந்தது ஐவிக்கு. கோட்டின் மேல் பொத்தானைக்கூடக் கழற்றிவிட்டாள். பாவி மனுஷன் ஆசைப்பட்டுப் போகவில்லை, பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். அந்தப் பொய்யோடு அவளை அனுப்பியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பாள். கேப்டனும் அதற்காகத்தான் சொன்னார்.

"உத்தரவும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றான் ஆர்ச்சி. "எனக்கு பொன்னுக்கு வீங்கி."

"டேய், வாயை மூடு" என்றார் கேப்டன்.

"எத்தனை வருஷம் மூடுறது? அவங்க முகத்தைப் பாருங்க." ஆர்ச்சி அவள் பக்கம் திரும்பினான். "எனக்குக் கன்னம் ரெண்டும் வீங்கிப்போச்சுங்க. ஒட்டிக்கும்னு தனியாப் படுக்க வெச்சுட்டாங்க. அதுல ஒரு தடவை போகாம விட்டுட்டேன். இவங்க முப்பது முடிச்சப்ப எனக்கு ஒண்ணு பாக்கி. அதை முடிக்க என்னைத் தனியா, முன்னப்பின்ன தெரியாதவங்க விமானத்துல ஏத்தி அனுப்பிடுவாங்க. அப்படிப் போனவங்க அதிகம் திரும்பி வந்ததில்ல. கேப்டன்தான் சொன்னாரு, ஆர்ச்சிக்காக எல்லாருமே ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்னு. எல்லாரும் கை தூக்கினாங்க."

"லெஸ்லியுமா?"

"இல்ல. அவன் தூக்கல. பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன், குண்டிக்காய் பொரிச்சு வெச்சிருப்பா, நான் போறேன்னான். யாரும் தப்பா நெனைக்கல. நான்தான் அவன் பையைக் கொண்டுபோய் லாரியில ஏத்தி விட்டேன். ஸ்டேஷனுக்குப் போயிட்டான். அவன் இடத்துக்கு வேற ஒரு ஆளைப் பிடிச்சுட்டோம்."

"அப்புறம்?"

ஆர்ச்சி தயங்கினான். "கிளம்புறதுக்கு முன்னாடி நாங்க எல்லாரும் வால் சக்கரத்து மேல ஒண்ணுக்குப் போவோங்க. மன்னிச்சுக்குங்க. அது ஒரு பழக்கம், போகலேன்னா ஆகாது. வரிசையா நின்னுட்டிருக்கோம். லெஸ்லி யாரோடதோ சைக்கிள்ல வந்து இறங்கினான். தள்ளி நில்லுடான்னு சொல்லி எனக்கும் அந்தப் புது ஆளுக்கும் நடுவுல வந்து நின்னான். புது ஆளு திரும்பிப் போயிட்டான். அவ்வளவுதான்."

"ஏன் வந்தேன்னு சொன்னானா?"

"சொல்லல. கேக்கவும் இல்ல. திரும்பி வர்ற வழியில கடலைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு ஜெர்மன்காரன் பின்னாலேருந்து சுட்டான். இவன் பாத்துட்டுக் கத்தினதாலதான் கேப்டன் திருப்பினாரு. நாங்க ஆறு பேரும் வந்துட்டோம்."

ஐவி எழுந்தாள். இந்தத் தடவை ஜன்னல் பக்கம் போகவில்லை.

"ரயில் வந்துச்சா?"

"எந்த ரயிலுங்க?"

"அவன் ஸ்டேஷன்ல நின்னான்ல. ரயில் வரலேன்னு திரும்பினானா?"

ஆர்ச்சி கேப்டனைப் பார்த்தான். கேப்டன் மேஜையைப் பார்த்தார். "வந்துச்சாம்" என்றான் ஆர்ச்சி. "பின்னாடி அந்த ஸ்டேஷன் போர்ட்டர் சொன்னான். கதவைத் திறந்து பையை உள்ள வெச்சானாம். விசில் ஊதினதும் பையை எடுத்துட்டு இறங்கிட்டானாம்."

அதே ரயில். நாட்டிங்ஹாம் ஸ்டேஷனில் அது வந்து நின்றபோது அவள் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடினாள். தூங்கிப் போயிருப்பான் என்று ஒரு கதவைக்கூடத் தட்டினாள். அவ்வளவு தூரம் வந்து, பையையும் உள்ளே வைத்துவிட்டு, அவளா இவர்களா என்று நின்று யோசித்திருக்கிறான். யோசித்து இறங்கியிருக்கிறான்.

"என்னைத் திட்டுங்க" என்றான் ஆர்ச்சி. கண் கலங்கியிருந்தது. "ரெண்டு அறை வேணும்னாலும் குடுங்க. பன்னெண்டு வருஷமா எதிர்பாத்துட்டு இருக்கேன்."

"உன்னை எதுக்குத் திட்டணும்? உனக்குக் கன்னம் வீங்கிச்சு. அவனுக்கு என்ன வீங்கிச்சு?"

பக்கத்து மேஜைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. ஐயோ பாவம், நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவன் என்று ஊரே சொன்னதால் அவன்மேல் ஒரு நாள்கூடக் கோபப்பட முடியாமல் இருந்தாள். இப்போது கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே, தள்ளி நில்லுடா என்று அவன் சொல்லும் குரலும் கேட்டது. அப்படித்தான் சொல்வான், சனியன்.

"நல்லா இரு ஆர்ச்சி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பெர்ட் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறி உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். நகங்களில் கரி ஏறியிருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கரி.

"எனக்குப் பொய் சொல்ல வராது ஐவி" என்றான் கடைசியில். திருடி மாட்டிக்கொண்டவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டான். "நானா இருந்தா அந்த ரயில்லயே வந்திருப்பேன்."

"தெரியும்" என்றாள். "அதைத்தான் இத்தனை வருஷமும் உன்கிட்ட ஒரு குறையா நெனைச்சிட்டு இருந்தேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது புரிந்தது. பெர்ட்டின் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதாள். வழியில் நியூவார்க் என்ற ஊர் தாண்டும்வரை அழுதாள். அவன் வண்டியை ஓட்டினான்.

"கல்யாணத்தை இந்த மாசமே வெச்சுக்கலாம்" என்றாள் அதற்கப்புறம், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் என்னைப் பண்ணிக்க உனக்கு மனசு இருந்தா."